வேலியின் அடிப்பகுதியைப் பற்றி மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை நானும் உன் அப்பாவும் நேற்றிரவு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கிழங்குப் பாத்திகள் ஏர் ஓட்டியதுபோல் கிளறப்பட்டுக் கிடப்பதையும், வரப்போரத்தில் சேற்றில் புரண்டெழுந்த பள்ளத்தையும், அருகிலிருந்த மரத்தடியில் உடம்பைத் தேய்த்த சேற்றுத் தடத்தையும் பார்த்தால் காட்டுப்பன்றிக் கூட்டத்தின் வேலைதான் என்பதில் ஐயமில்லை. ஆறடி உயரத்திற்கு முள்கம்பி வேலி போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அதே தவற்றை நாங்கள் செய்து, ஒரு பருவத்து விளைச்சலை இழந்த பிறகுதான் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் முதலில் போட்டது ஐந்து வரிசை முள்கம்பி. பார்ப்பதற்கு அரண்போல இருந்தது. அடிக்கம்பிக்கும் தரைக்கும் இடையே ஓரடி இடைவெளி விட்டிருந்தோம். பத்தே நாளில் அந்தக் கம்பியின் முட்களில் கறுத்த முரட்டு மயிர் சிக்கியிருந்தது. அதன் கீழே மண் வழுவழுப்பான வாய்க்காலாகத் தேய்ந்திருந்தது. தடித்த தோலுடைய அந்த விலங்குக்கு எங்கள் முட்கள் முதுகு சொறிந்துகொள்ளத்தான் உதவின. ஒரு தடையைக் கண்டால் பன்றி அதைத் தாண்ட முதலில் நினைப்பதில்லை. அடியில் மூக்கை நுழைத்துப் பார்க்கும். மண்ணைக் கிளறுவதற்கென்றே அதன் மூக்கு நுனியில் தனியாக ஓர் எலும்பு உண்டு. கழுத்தின் வலுவையெல்லாம் அங்கே திரட்டி மேல்நோக்கி நெம்பினால், தளர்வாகக் கட்டிய எந்தக் கம்பியும் தூக்கிக்கொள்ளும். ஆகவே உயரத்திற்கு ஒதுக்கிய பணத்தை அடிக்குக் கொண்டுவா. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் தன் பண்ணைகளுக்குள் வந்துவிடுமோ என்று அஞ்சிய டென்மார்க், 2019இல் ஜெர்மனி எல்லையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு அமைத்த வேலிகூட 1.5 மீட்டர் உயரம்தான். ஆனால் அதை மண்ணுக்குள் அரை மீட்டர் இறக்கியிருக்கிறார்கள்.

உன் நிலத்திற்கு மூன்றரை அல்லது நான்கடி உயரமுள்ள, துத்தநாகப் பூச்சுக் கொண்ட பின்னல் கம்பிவலை போதும். வலையின் கண்கள் அடியில் நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குட்டிகள் புகுந்துவிடும், குட்டிகள் உள்ளே போய்விட்டால் தாய் வெளியே நின்று பொறுமை காக்காது. வலையை மண்ணில் புதைக்க ஆள்வசதி இல்லையென்றால், ஒன்றரை அடி அகல வலைத்துண்டை வேலியின் வெளிப்புறம் தரையோடு விரித்து, மேல்வலையுடன் பிணைத்து, முளையடித்து இறுக்கிவிடு. தோண்ட வரும் பன்றி தன் கால்கள் நிற்கும் வலையைத்தான் தோண்ட வேண்டியிருக்கும். புல் வளர்ந்து அதைப் பிணைத்துக்கொண்டால் இன்னும் உறுதி. மூலைக்கம்பங்களில் சிக்கனம் பார்க்காதே. வலையின் இழுவிசை முழுவதையும் தாங்குபவை அவைதாம். அவற்றுக்குச் சாய்வு முட்டுக் கொடுக்காவிட்டால் ஒரு மழைக்குப் பின் சாய்ந்து, நடுவில் வலை தொங்கிவிடும்.

கம்பிவலைக்குச் செலவு அதிகம் என்பதால் மின்வேலியைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது பன்றியைத் தடுத்து நிறுத்துவதில்லை. இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று அதற்குக் கற்றுக்கொடுக்கிறது. அடிக்கம்பி தரையிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலத்திலும், அடுத்தது முழங்கால் உயரத்திலும் இருக்கட்டும். ஈரமான மூக்கு முதலில் கம்பியைத் தொட்டால் பன்றி பின்வாங்கும். தலை நுழைந்து காதுக்குப் பின்னால் அதிர்ச்சி பட்டால் முன்னோக்கித்தான் பாயும். அடிக்கம்பியின் உயரத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். துடிப்பு துடிப்பாக மின்சாரம் அனுப்பும் வேலிக் கருவியை மட்டுமே பயன்படுத்து. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் இணைப்பது வேலி அன்று, கொலைப்பொறி. இரவில் வழிதவறி வரும் மனிதனையும் அது விடாது. எச்சரிக்கைப் பலகைகளை மறக்காமல் மாட்டு. இன்னொன்று, எர்த் கம்பிகளை ஆழமாக, மூன்று இடங்களிலாவது அடித்து ஒன்றோடொன்று இணைத்துவிடு. மின்சாரம் விலங்கின் உடல் வழியே மண்ணுக்குள் இறங்கி, எர்த் வழியே கருவிக்குத் திரும்பினால்தான் மின்சுற்று நிறைவடையும். கோடையில் மண் வறண்டால் வேலி பாதி செத்துவிடும். கம்பியைத் தொடும் களைச்செடிகளும் மின்சாரத்தை மண்ணுக்குக் கசியவிடும். எனவே களை எடுப்பதும், சோதனைக் கருவியால் கம்பியில் குறைந்தது 4000 வோல்ட் இருக்கிறதா என்று பார்ப்பதும் வாராவார வேலையாகிவிடும். அடிக்கம்பியில் ஆமை போன்ற சிற்றுயிர்கள் மாட்டிக்கொள்வதும் உண்டு. விடியற்காலையில் ஒருமுறை நடந்து பார்த்துவிடு.

எந்த வேலியானாலும் பயிர் முற்றுவதற்கு முன்பே எழுப்பிவிட வேண்டும். ஒருமுறை உள்ளே வந்து ருசி கண்ட பன்றி, வலியைப் பொறுத்துக்கொண்டும் மறுபடி வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத பன்றிக்கு அவ்வளவு பிடிவாதம் இருப்பதில்லை. கடைசிப் பகுதியை மூடுவதற்கு முன் புதர்களையெல்லாம் தட்டிப் பார். எங்கள் பக்கத்து நிலத்தார் ஒரு கூட்டத்தையே உள்ளே வைத்து வேலியை அடைத்துவிட்டார். ஓட வழியில்லாத பன்றி மட்டும் உயரத்தைத் தாண்டவும் முயலும், ஆள்மீது பாயவும் முயலும்.

முழு நிலத்தையும் வளைக்க வேண்டும் என்ற ஆசை உனக்கு இருக்கிறது என்று தெரியும். வேண்டாம், கண்ணே. கிழங்குப் பாத்தியையும் நாற்றங்காலையும் மட்டும் வளைத்தால் உன்னால் தினமும் சுற்றிவர முடியும். சுற்றிவர முடியாத நீளத்தில் வேலி போட்டு என்ன பயன்? வேலியால் பன்றிகள் குறைவதுமில்லை. ஒரு பெண் பன்றி ஏறத்தாழ 115 நாளில் ஈன்றுவிடும்; உன் நிலத்தில் இடம் கிடைக்காத கூட்டம் அடுத்த நிலத்திற்குத்தான் போகும். ஆகவே வேலை தொடங்குமுன் பக்கத்து நிலத்தாரிடம் சொல்லிவிடு; இருவர் சேர்ந்து ஒரே சுற்றாக வளைத்தால் நடுவேலி மிச்சமாகும்.

வேலி வாசலில் வைக்கும் படலைப் பற்றி ஒரே சொல்: அதன் அடியில் கற்காரைப் படி கட்டாமல் விடாதே, பன்றி முதலில் முயல்வது அங்கேதான். எனக்கு உண்மையில் கவலை தருவது நிலத்தின் குறுக்கே ஓடும் அந்த ஓடை. பெருவெள்ளத்தில் செத்தையும் கிளைகளும் வந்து அடைத்தால் வலை கம்பத்தோடு பெயர்ந்துவிடும். ஆகவே அங்கே வலையைத் தொடர்ந்து இழுக்காமல், இரு கரைகளிலும் வேலியை முடித்துவிட்டு, நடுவில் மேற்கம்பியிலிருந்து தனியாக ஒரு தொங்குதட்டியைக் கட்ட வேண்டும். வெள்ளம் வரும்போது அது தூக்கிக்கொள்ளும், வடிந்ததும் மீண்டும் தாழும். அதற்கு ஓடையின் அகலமும், கரையின் உயரமும், சென்ற வெள்ளத்தின் குறி எதுவரை இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அளந்து எழுதி அனுப்பு. அதுவரை கம்பி வாங்காதே.

அன்புடன்,
அம்மா