பாப்பா நடக்கிறாளா என்று கேட்கும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜொகூரிலிருந்து போன் போட்டால் நீங்கள் முதலில் கேட்பது, "பாப்பா நடக்குதா?" என்பதுதான். அதில் எனக்குக் கோபம் இல்லை. தாய்மாமன் கேட்காமல் வேறு யார் கேட்பார்? ஆனால் நான் சொல்லும் "கொஞ்சம் கொஞ்சமாண்ணே" என்ற பதில் உங்களுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதனால் எழுதுகிறேன். இங்கே சுங்கை சிப்புட்டில் கோயிலிலும் மார்க்கெட்டிலும் என்னை நிறுத்தி இதையே கேட்பவர்கள் நிறைய. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன்.

முதலில் நேரான பதில். குறைமாதத்தில் பிறந்த உங்கள் மருமகளுக்கு இருப்பது பெருமூளை வாதம், அதாவது மூளையில் பட்ட அடியால் கைகால் சொன்னபடி கேட்காத நிலை. வாக்கர் பிடித்து நடக்கிறாள். வீட்டுக்குள், வகுப்புக்குள், கோயில் மண்டபத்தில். தூரம் என்றால் சக்கர நாற்காலி. வாக்கர் இல்லாமல் நடப்பாளா என்றால், அநேகமாக மாட்டாள். நான் சோர்ந்துபோய் இதைச் சொல்வதாக நினைக்காதீர்கள். மிச்சத்தையும் படியுங்கள்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு மூளையில் எளிதாகப் பாதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு. கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு இழைகள் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன. இவளுக்குக் கை ஓரளவு சொன்னபடி கேட்க, கால் மட்டும் இறுகிப் பின்னிக்கொள்வது அதனால்தான். 1997-ல் கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் நடமாட்டத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். இன்றைக்கும் டாக்டர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இவள் மூன்றாம் நிலை. கையால் பிடிக்க ஏதாவது இருந்தால் நடப்பவர்கள் அதில் வருவார்கள். 2002-ல் அதே குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள்: உட்காருவது, எழுவது, நடப்பது போன்ற பெரிய அசைவுகளில் ஒரு பிள்ளை எட்டக்கூடியதில் பெரும்பகுதியை ஐந்து வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறது. அந்த வரைபடத்தை பிசியோ விரித்துக் காட்டிய அன்று உங்கள் மச்சான் சாப்பிடவே இல்லை.

அப்படியானால் ஐந்து வயதுக்கு அப்புறம் என்னத்துக்கு இத்தனை பயிற்சி? நியாயமான கேள்வி, அண்ணே. பதில் எலும்பில் இருக்கிறது. மூளையில் பட்ட அடி வளராது, பிள்ளை வளரும். எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காது. ஒவ்வொரு முறை உயரும்போதும் குதிகால் தூக்கும், முட்டி மடங்கும், இடுப்பு எலும்பு நழுவப் பார்க்கும். அதற்குத்தான் அவ்வப்போது எக்ஸ்ரே எடுக்கிறார்கள். சின்ன வயதில் வாக்கரில் நடந்த பிள்ளைகள் சிலர் பெரியவர்களாகும்போது அதையும் விட்டுவிட்டு முழுக்க நாற்காலிக்குப் போய்விடுகிறார்கள். இந்த வருடம் இவள் நன்றாக வளர்ந்திருக்கிறாள், பள்ளிக்கூடப் பாவாடையை இறக்கித் தைத்தேன். குதிகால் இன்னும் தரையில் படுகிறது! ஆனால் போனில் "குதிகால் தரையில படுதுண்ணே" என்று நான் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? "சரிம்மா, அப்புறம்?" என்பீர்கள்.

நம் தாத்தா நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்த கதையை அப்பா சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்காரன் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோன காலம். தொழிலாளிகளே சேர்ந்து வாங்கட்டும் என்று நம் ஊர் எம்பியாக இருந்த சம்பந்தன் 1960-ல் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டுகிறவர் கையில் மொத்தமாகப் பணம் ஏது? தவணையில் கட்டினார் தாத்தா. கட்டிய மாதம் வீட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. கட்டத் தவறினால்தான் தெரியும். காலை இழுத்து நீட்டும் பயிற்சியும் அப்படித்தான்.

மருத்துவமனை பிசியோவுக்கு அடுத்த தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை இருப்பதால் பணம் கட்ட வேண்டியதில்லை, ஆனால் தேதிக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். நடுவில் கைகொடுப்பது பிடிகே, ஊருக்குள்ளேயே நடக்கும் சமூக மறுவாழ்வு மையம். 1984-ல் திரங்கானுவில் பத்து ராக்கிட்டில் சோதனையாகத் தொடங்கி, இன்று நாடு முழுவதும் இருக்கிறது. அங்கே இருக்கும் மலாய்க்கார அக்கா, எண்ணுவதற்கு மட்டும் தமிழ் கற்றுக்கொண்டார். ஏழுக்கு அப்புறம் ஒன்பதுக்குத் தாவிவிடுவார். இவள் விடாமல் திருத்துவாள். திருத்துகிற சாக்கில் இன்னும் ஒருமுறை எழுந்து நிற்க வேண்டியதாகும். அது அக்காவின் தந்திரமோ என்று எனக்குச் சந்தேகம்.

மற்றதெல்லாம் வீட்டில்தான். உங்கள் மச்சான் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் கெஞ்சி வாங்கிய பழைய ஜிஐ பைப்பை வெல்டிங் செய்து, பின்கட்டில் இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கம்பி போட்டிருக்கிறார். காலையில் முட்டியை நேராக வைத்துக் கெண்டைக்கால் தசையை நீட்ட வேண்டும். அப்புறம் ஏஎஃப்ஓ மாட்ட வேண்டும், பாதத்தையும் கணுக்காலையும் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை அது. கழற்றும்போது தோலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் எங்கோ அழுத்துகிறது என்று அர்த்தம். இதெல்லாம் எனக்கு இப்போது பல் விளக்குகிற மாதிரி.

நான் எதற்காகத் தலை நிமிர்ந்து நடக்கிறேன் என்று இப்போது சொல்கிறேன். வாக்கரில் இரண்டு கையாலும் பிடித்து நடப்பதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. நின்றுகொண்டே ஒரு கையை விடுவது. கையை விட்டதும் உடம்பு ஒரு பக்கம் சாயும், அதை இடுப்பும் வயிற்றுத் தசையும் பிடித்து நிறுத்த வேண்டும். கால் இறுகினால் எல்லாம் போச்சு. இதற்காகத் துணிக்கொடியைத் தாழ்வாகக் கட்டி, ஒரு கையால் வாக்கரைப் பிடித்தபடி மறு கையால் கிளிப் மாட்டச் சொன்னார்கள். எத்தனை நாள் மாட்டினாள் என்று நான் எண்ணவில்லை. வீட்டில் கிளிப்பெல்லாம் உடைந்து புதிதாக வாங்கினோம்.

அப்புறம் ஒரு சாயங்காலம் தவுக்கே கடைக்கு ரொட்டி வாங்கப் போனோம். செம்மண் சடக்கில் வாக்கர் சக்கரம் கல்லில் சிக்கும், அதனால் கடை வாசல் வரை நாற்காலி. உள்ளே வாக்கர். பணம் அவள் சட்டைப் பையில். தவுக்கே நல்ல மனிதர், கல்லாவிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினார். இவள் மலாயில், "தா ஆபா அங்கிள், சாயா போலே" என்றாள். பரவாயில்லை, என்னால் முடியும் என்று அர்த்தம். அவர் நின்றுவிட்டார். இவள் வலது கையை விட்டு, பையைத் துழாவி, ஐந்து வெள்ளித் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அதற்குள் பின்னால் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் பெருமூச்சு விட்டார், கேட்டது. மிச்சக் காசையும் அவளே வாங்கினாள். எண்ணிப் பார்த்தாள் வேறு! அந்தக் கடையில் நான் மிச்சம் எண்ணியதே இல்லை.

அண்ணே, உங்கள் மருமகள் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தாள். இதைத்தான் நான் போனில் சொல்லத் தெரியாமல் "கொஞ்சம் கொஞ்சமா" என்கிறேன்.

நீங்கள் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்தேன். எண்ணெய் வைத்தியம், ஸ்டெம் செல் ஊசி, எல்லாவற்றிலும் கடைசியில் பிள்ளை ஓடுகிறது. அந்தப் பிள்ளை எந்த நிலையில் இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. அடிபட்ட மூளையைப் பழையபடி ஆக்கும் சிகிச்சை என்று நிரூபிக்கப்பட்டது இதுவரை ஒன்றும் இல்லை. அதற்காக நீங்கள் சேர்த்து வைக்கும் பணம் வேண்டாம். அவள் நடந்தால் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் காவடி எடுப்பதாக வேண்டியிருக்கிறீர்களாமே, அண்ணி சொன்னார். எடுங்கள், ஆனால் அந்த "நடந்தால்" வேண்டாம். வரும் பூசத்துக்கே எடுங்கள். இவள் நாற்காலியில் கூடவே வருவாள், "வேல் வேல்" என்று உங்களைவிடச் சத்தமாகக் கத்துவாள்.

போனில் இனி அவளிடமே பேசுங்கள். நடப்பதைப் பற்றி வேண்டாம், என்ன வாங்கினாய், யாரோடு சண்டை போட்டாய் என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும், வேலைக்கு நேரமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது வாங்கித் தந்தே ஆக வேண்டும் என்றால், தீபாவளிக்கு வரும்போது ஒரு சப்பாத்து. ஏஎஃப்ஓ-வோடு சேர்த்துப் போட வேண்டும், அதனால் அவள் அளவைவிடப் பெரிதாக, அகலமாக, வாய் நன்றாகத் திறப்பதாக இருக்கட்டும். கயிறு வேண்டாம், வெல்க்ரோ. நிறத்தை அவளிடம் கேட்காமல் வாங்காதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவாள்.

அன்புடன்,
உங்கள் தங்கை