வாரண்டி மறுப்பும் வீட்டு சர்வீஸ் கணக்கும்

ஆசிரியருக்கு,

காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றியவர்களின் வாரண்டி கோரிக்கையை, "எங்கள் சர்வீஸ் சென்டரில் பதிவு இல்லை" என்ற ஒற்றை வரியில் கார் நிறுவனங்கள் தள்ளிவிடுவது அநியாயம். வெளி மெக்கானிக்கிடம் விட்டதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. வீட்டு வேலைக்கும் இதே நியாயம்தான். பவர் விண்டோ மோட்டார் பழுதுக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்?

எந்த பாகம், என்ன காரணம் என்று மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஜாப் கார்டு (புகாரையும் செய்யும் வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதும் தாள்) நகலும் வேண்டும். இன்ஜின் சேதமென்றால், பிரிப்பதற்கு முன்பே 100 மி.லி. பழைய ஆயிலைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து சீல் வையுங்கள். பிரித்த பிறகு அந்தச் சான்று கிடைக்காது.

பெரும்பாலும் இடறுவது ஆயில் வாங்கிய பில்லில்தான். வண்டி எண் இருக்காது, கையேடு 3.5 லிட்டர் சொல்ல, பில்லில் 3 லிட்டர் இருக்கும். ஃபில்டருக்கு பில்லே இருக்காது. ஆயில் கிரேடு, ஃபில்டர் பார்ட் நம்பர், தேதியோடு ஓடோமீட்டர் படம் மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு நிற்கும்.

தீராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும்.

– வாசகர், கோயம்புத்தூர்