எஞ்சினைப் பிரிக்கவிடாமல் தடுத்த மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி

பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்ட அந்த மெக்கானிக் அண்ணனுக்கு இந்த நன்றி எப்படியாவது போய்ச் சேரட்டும். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் காரில் ஆயில் குறைந்துகொண்டே இருந்தது, பார்த்தவர்கள் எல்லாரும் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) போய்விட்டது, எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும் என்றார்கள். அண்ணன் முதலில் கேட்டது நீலப் புகை எப்போது வருகிறது என்பதைத்தான். நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து அடங்கினால் வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் மேல் சந்தேகம், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் மேல். அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்த்தார், சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடியும் பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் அழுத்தம் நன்றாக ஏறியிருக்குமாம், ஏறவில்லை.

கடைசியில், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு (எஞ்சினுக்குக் காற்று போகும் வழி) அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கினார். கடகடவென்று சத்தம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, உள்ளே கறுப்புப் பிசுக்கு, வால்வு திறந்தபடியே ஒட்டிக் கிடந்தது. அது வழியாகத்தான் ஆயில் ஆவி அளவுக்கு மீறி இன்டேக்குக்குள் இழுக்கப்பட்டு எரிந்திருக்கிறது. கையளவுகூட இல்லாத அந்தப் பாகத்தை மாற்றியதோடு சரி, இப்போது டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு இறங்கவே இல்லை. பெரிய வேலையாகச் சொல்லிப் பணம் பார்த்திருக்கலாம், செய்யவில்லை. ரொம்ப நன்றி அண்ணா.