அரையாண்டு முடிந்தது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்பு கணக்கில் முன்னேறியிருக்கிறது. கபடி அணி நன்றாக ஆடியது. எல்லோருக்கும் பாராட்டு.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் செய்யும் மூன்று சக்கர மின்வண்டியை மைதானத்தில் பார்த்திருப்பீர்கள். பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கவும், வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டாமல் இருக்கவும் புரோகிராம் எழுதியது அவர்களேதான். ஆக்சிலேட்டரின் எர்த் ஒயர் அறுந்தால், முழு வேகம் கேட்பதாக, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். அதை யோசித்து, அப்போதும் வண்டி நிற்கும்படி எழுதியவள் ஒரு மாணவி. அன்று எனக்கு மனம் நிறைந்துபோனது.

அந்த வண்டியின் பேட்டரி பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் மழையால் பள்ளியில் கரண்ட் இல்லை. சோதனை ஓட்டம் தடைபடக் கூடாதென்று ஒரு வீட்டில் பேட்டரியை எடுத்துப்போய், பழைய ஸ்கூட்டரின் 48 வோல்ட் சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டிருக்கிறார்கள். நல்ல மனதோடு செய்த காரியம், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அது லெட் ஆசிட் பேட்டரிக்கான சார்ஜர். நம்முடையது லித்தியம். வரிசையாக 13 செல், ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும், மொத்தம் 54.6. அந்தச் சார்ஜரோ, பெயருக்கு 48 என்றாலும், 58 வோல்ட்டையும் தாண்டித் தள்ளும். பேட்டரிக்குள் இருந்த பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புப் போர்டு இணைப்பைத் துண்டித்ததால் தப்பித்தோம். மறுநாள் திறந்து பார்த்தால், கடல் காற்றில் அந்தப் போர்டிலேயே பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

பேட்டரி வைத்திருந்தது வாசல் நிலைப்படி ஓரம். உள்ளே பாட்டியும் இரண்டு குழந்தைகளும் தூங்கியிருக்கிறார்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைந்தது போலிருந்து மறுபடி எரியும். புகையும் நஞ்சு. வெளியே ஓட இருப்பது அந்த ஒரே வாசல்.

பொங்கல் விடுமுறைக்கு வண்டியைத் தர முடியுமா, சில்வர் பீச் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முடியாது. வண்டியும் பேட்டரியும் பள்ளி கேட்டைத் தாண்டாது. யார் கேட்டாலும் இதுதான் பதில். மீறி எடுத்துச் சென்றால் அன்றோடு இந்த வேலையை நிறுத்திவிடுவேன். எட்டுப் பிள்ளைகளின் உழைப்பு வீணாகுமே என்ற வேதனையோடுதான் இதை எழுதுகிறேன்.

இனி செவ்வாய், வியாழன் மாலை 4 முதல் 6 வரை, இயற்பியல் ஆசிரியர் முன்னிலையில் ஆய்வகத்தில் மட்டுமே சார்ஜ் ஏறும். அந்த நாட்களில் பிள்ளைகளை 6 மணிக்கு அழைத்துச் செல்ல வாருங்கள்.

சேசிஸைக் காசு வாங்காமல் வெல்டிங் செய்து தந்த முதுநகர்த் தந்தைக்கும், சனிக்கிழமைதோறும் சுண்டல் கொடுத்தனுப்பும் தாய்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததை மறைக்காமல் மறுநாளே வந்து சொன்ன அந்தக் குடும்பத்துக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அந்தப் போர்டை நாங்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
கடலூர்