பழைய சுங்குடி நாலு எடுத்து வை

செல்லூர், மதுரை
ஞாயிறு மதியம்

அன்புள்ள செல்வி,

உன் மெசேஜ் மூன்றுக்கும் பதில் போடவில்லை. இரண்டாவதில் திட்டியிருந்தாய், அது எனக்கு வேண்டியதுதான். மூன்றாவதில் திட்டாமல் "நல்லாத்தானே இருக்க?" என்று மட்டும் கேட்டிருந்தாய் பார், அதைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். போனில் பேசலாமென்றால் இந்த வீட்டில் எந்நேரமும் ஆள். அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் எழுந்தால் கடிதம் பாதியில் நிற்கும்.

முதலில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். பிரசவமாகி மூன்று மாதம் முடிந்து, மேலூரில் பிறந்த வீட்டிலிருந்து இங்கே மாமியார் வீட்டுக்கு வந்து பதினைந்து நாளாகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அண்ணன் ஒத்தக்கடையிலேயே வேறு கடை பிடித்துவிட்டான். நம் ஹாஸ்டல் ஜெசிந்தா வந்து பார்த்தாள். அதே சிரிப்பு, அதே சைக்கிள் கதை. வார்டனம்மா ரிட்டயர் ஆகிவிட்டார்களாம், இனி அந்த டார்ச் லைட் யாரைத் தேடுமோ! உனக்குக் கால் வீக்கம் என்று எழுதியிருந்தாயே, பிரஷர் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் நாளைக்கே போய்ப் பார். வயிற்றுப் பிள்ளைக்காரி நீ, சும்மா சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா பால் கக்குகிறாள். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன், பதினாலு தடவை. மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்தது. குடித்து முடித்ததும் வாயோரத்தில் பால் அப்படியே வழியும். அரை மணி கழித்து வந்தால் திரிந்து, தயிர்க்கட்டி மாதிரி, புளிச்ச வாடையோடு கழுத்து மடிப்பில் இறங்கும். கழுத்தைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்தது. ஆனால் அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. கக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

மேலூரில் இருந்தவரை பயம் தெரியவில்லை. அப்பத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "கக்குற பிள்ளை தக்கும்டி." இங்கே வந்த பிறகுதான் ஆளாளுக்கு ஒன்று. பால் ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணிப் பால், பச்சை உடம்புக்காரி கண்டதைத் தின்றிருப்பாள். காய்கறி நின்றது, பருப்பு நின்றது. எட்டு நாள் ரசமும் பூண்டும்தான். பாப்பா அப்போதும் பதினாலு தடவை கக்கினாள். பசும்பாலில் பாதி தண்ணீர் கலந்து பாட்டிலில் கொடுக்கலாம் என்று அத்தை சொன்னபோது எனக்கும் மனசு ஆடிவிட்டது. உன்னிடம் ஒளிக்கவில்லை, பாட்டில் வாங்கியே விட்டேன். என் பால் என் பிள்ளைக்கு ஆகவில்லை என்று நினைத்து நினைத்து நெஞ்சு கனத்துப் போயிருந்தேன். அந்த நாட்களில்தான் உனக்குப் பதில் போடாதது.

அப்புறம் அத்தையின் அக்கா வந்தார்கள், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து. பாப்பாவைப் பார்த்ததுமே "தொக்கம் விழுந்திருக்கு, குடலேத்தமும் இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். தின்றது உள்ளே சிக்கிக்கொண்டதாம், குடல் மேலே ஏறிவிட்டதாம். நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வாசலில் ஆட்டோ நிற்கிறது, பாப்பா துணியில் சுற்றித் தயாராக இருக்கிறாள். தொக்கம் எடுக்கிற ஆளிடம் கொண்டு போகிறார்களாம். குழாயை வைத்து ஊதுவார்கள், வயிற்றைப் பிசைவார்கள், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவார்கள். செல்வி, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற வயிறு அது. பாலைத் தவிர ஒரு பொட்டு எதுவும் உள்ளே போகாத பிள்ளைக்கு என்ன தொக்கம்? எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, பிள்ளையை வாங்கிக்கொண்டு "இவளை யாரும் தொடக்கூடாது" என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் இந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியதில்லை. இவர் ஒன்றுமே பேசாமல் வெளியே போய் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டு வந்தார். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் 105 நாள் ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா ஊசி போடுவதற்கு முன்னால் எடை பார்த்தார்கள். 5 கிலோ 650. தாய் சேய் நல அட்டையைப் புரட்டிக் காட்டினார்கள்: பிறந்தபோது 2 கிலோ 900, 45 நாள் ஊசியில் 4 கிலோ 50, 75-ல் 4 கிலோ 950. "பால் தங்கலைன்னா இந்த எடை எங்கேருந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டார்கள். அவர்கள் மேஜை முன்னாலேயே மறுபடியும் அழுதேன். முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதுமாம். மூத்திரம் எத்தனை தடவை என்று கேட்டார்கள். ஆறுக்குக் குறையக்கூடாது, இவள் எட்டு ஒன்பது துணி நனைக்கிறாள்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற இடத்தில் வளையம் மாதிரி ஒரு தசை இருக்கிறதாம். நமக்கெல்லாம் சாப்பிட்டதும் அது இறுக்கி மூடிக்கொள்ளும். கைப்பிள்ளைக்கு அது இன்னும் பலப்படவில்லை. குடிப்பதோ முழுக்கத் தண்ணி ஆகாரம், இருப்பதோ முழு நேரமும் படுக்கையில், அதனால் மேலே வந்துவிடுகிறது. பாதிக்குப் பாதிப் பிள்ளைகள் இந்த வயதில் தினமும் கக்குமாம். நாலாவது மாதத்தை ஒட்டி அதிகமாகி, உட்காரப் பழகியதும் குறைந்து, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். மாவுப்பாலுக்கு மாற்றினாலும் கக்கத்தான் செய்யும் என்றார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தேன், சர்க்கரைத் தண்ணி, கிரைப் வாட்டர், வசம்பு எதுவும் கூடாது. வாந்தி டிராப்ஸும் டாக்டர் எழுதாமல் கடையில் வாங்கிக் கொடுக்கக்கூடாது.

அன்று சாயங்காலம் அவர்கள் சொன்னபடியே ஒன்று செய்தேன். டானிக் மூடியில் 10 மில்லி பால் அளந்து, அத்தை கண் முன்னால், அரக்குச் சுங்குடித் துணியில் ஊற்றினேன். என் இரண்டு கை அகலத்துக்குப் பரவியது. அத்தை அந்த ஈரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவ்வளவுதானா கக்குறா?" என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி என் தட்டில் கத்தரிக்காய் இருந்தது.

என் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. எனக்குப் பால் பீறிக்கொண்டு வரும். முதல் ஒரு நிமிஷம் பாப்பா திணறுவாள், மடக் மடக்கென்று காற்றையும் சேர்த்து விழுங்குவாள். இப்போது அந்த முதல் வேகத்தைத் துணியில் விட்டுவிட்டுத்தான் வாய் வைக்க விடுகிறேன். முதுகுக்குத் தலையணை கொடுத்து நன்றாகச் சாய்ந்துகொண்டு, அவளை என் நெஞ்சின் மேல் படுக்க வைத்துக் கொடுக்கிறேன். பால் மேல்நோக்கி ஏறித்தான் அவள் வாய்க்குப் போக வேண்டும், அதனால் நிதானமாகக் குடிக்கிறாள். ஒரு பக்கம் அவளாக விடும்வரை பக்கம் மாற்றுவதில்லை. குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை முதுகைத் தடவி, அரை மணி நேரம் நிமிர்த்தியே வைத்திருக்கிறேன். தூளியில் போட்டால் உடம்பு சுருண்டு வயிறு மடங்குகிறது, அதனால் பால் குடித்த கையோடு தூளி இல்லை. குளிப்பாட்டுகிற பாட்டிக்கும் அதே உத்தரவு. பாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் கேட்கிறார்கள். இப்போது ஏழெட்டுத் தடவைதான் கக்குகிறாள். முழுக்க நிற்கவில்லை, நிற்காது என்றும் தெரியும்.

தூங்க வைக்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும். கக்கினால் புரையேறும் என்று கவிழ்த்துப் போடச் சொல்வார்கள், கேட்காதே. மல்லாக்கப் படுத்த பிள்ளைதான் வந்ததை விழுங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் துப்பிவிடும். கவிழ்த்துப் போட்டால் மூச்சுக்கே ஆபத்து.

இதை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள் செல்வி. கக்குவது வேறு, வாந்தி வேறு. பீய்ச்சியடித்த மாதிரி தூரப் போய் விழுந்தால், அதுவும் முதல் இரண்டு மாதத்துக்குள், பச்சை நிறத்தில் வந்தால், ரத்தம் தெரிந்தால், வயிறு உப்பினால், காய்ச்சல் இருந்தால், குடிக்க மறுத்து முதுகை வளைத்து அழுதால், மூத்திரம் குறைந்தால், எடை ஏறாமல் நின்றால், எந்தப் பாட்டி வைத்தியமும் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மலத்தில் ரத்தமும் தோலில் தடிப்பும் சேர்ந்து வந்தால் பசும்பால் ஒவ்வாமையா என்று டாக்டர் பார்ப்பார். அப்போது நீ பால், தயிரை நிறுத்த வேண்டியிருக்கலாம். அது இல்லாமல் யார் பத்தியம் சொன்னாலும் நீ வயிறாரச் சாப்பிடு.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து திருமங்கலம் வந்துவிடுவாய்தானே? பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பாலூட்டும் அறை இருக்கிறது, போன வாரம் மேலூர் போகும்போது அதில் உட்கார்ந்துதான் கொடுத்தேன். 2015-ல் அதைத் திறந்தபோது நாம் இரண்டு பேரும் அதைக் கவனிக்காமல் கடந்து போயிருப்போம்.

உன் அம்மாவிடம் பழைய சுங்குடிச் சேலை நாலு கேட்டு வாங்கி, கிழித்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டு வை. கடையில் விற்கிற துண்டு எதுவும் அவ்வளவு மெத்தென்று இருக்காது, உறிஞ்சவும் செய்யாது. அம்மாவின் அந்தக் கத்தரிப்பூக் கலர் சேலை இன்னும் இருந்தால் அதைக் கிழிக்காதே, அது எனக்கு.

எழுந்துவிட்டாள், தொட்டியில் ஊறப்போட்ட துணி வேறு இருக்கிறது. பிரஷர் பார்த்துவிட்டு எவ்வளவு என்று எழுது.

உன்
மீனா