கையெழுத்து போடறதுக்கு முன்னாடிதான் சட்டம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சட்டதிட்டம் ஜாஸ்தியானதாலதான் தொழில் பண்றவன் திணறுறான்னு போன இதழ்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார். பர்மிட், ஃபார்ம், ஃபைன்னு அலையறவங்க கஷ்டம் எனக்கும் தெரியும், ஆனா சட்டம்னாலே அது மட்டும்தான்னு நினைக்கிறதை என்னால ஏத்துக்க முடியல.

நான் மெஷின் பார்ட்ஸ் செஞ்சு குடுக்கிற சின்ன தொழில் பண்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு கம்பெனிக்கு மூணு மாசம் ராப்பகலா வேலை பாத்து சரக்கு அனுப்பினேன், பேசினது எல்லாம் ஃபோன்லதான், "நமக்குள்ள எதுக்கு சார் அக்ரிமெண்ட்"னு அவங்க கேட்டப்ப எனக்கு அது பெரிய மரியாதையா தெரிஞ்சுது. பில் போனதும் நாங்க கேட்ட அளவு இது இல்லன்னுட்டாங்க. வக்கீல்கிட்ட ஓடினேன், அவர் கேட்ட முதல் கேள்வியே "அளவு என்னன்னு எழுத்துல எங்க இருக்கு?" எங்கிட்ட இருந்தது வாட்ச்மேன் கையெழுத்து போட்ட டெலிவரி சீட்டு ஒண்ணுதான், அதுவும் ஓரம் கிழிஞ்சது. சரக்கு போய் சேந்துச்சுன்னு காட்ட மட்டும் அது உதவுச்சு, என்ன சரக்கு கேட்டாங்கன்னு அதுல இல்ல. கடைசியில பாதி பணத்துக்கு சமாதானமா போனேன்.

அதுக்கப்புறம்தான் உக்காந்து சட்டத்தைப் பத்தி படிக்க ஆரம்பிச்சேன். 1928ல ஸ்காட்லாந்துல பெய்ஸ்லிங்கிற ஊர்ல ஒரு அம்மா கஃபேல ஜிஞ்சர் பீர் குடிச்சிருக்காங்க, பாட்டில் கருங்கண்ணாடி, உள்ள இருக்கிறது தெரியாது, மிச்சத்தை ஊத்தினப்ப அழுகின நத்தை விழுந்துச்சுன்னு அதை தயாரிச்சவர் மேல கேஸ் போட்டாங்க. காசு குடுத்து வாங்கினது கூட வந்த ஃப்ரெண்டு, அதனால இந்தம்மாவுக்கு யாரோடயும் ஒப்பந்தமே கிடையாது. ஆனாலும் 1932ல, அப்போ பிரிட்டன்ல கடைசி அப்பீல் கோர்ட்டாவும் இருந்த பிரபுக்கள் சபையில அஞ்சு நீதிபதிகள்ல மூணு பேர், பொருளை தயாரிக்கிறவனுக்கு அதை கடைசியில பயன்படுத்துறவங்க மேலயும் பொறுப்பு உண்டுன்னுட்டாங்க. முகமே தெரியாத யாரோ அடைச்ச மருந்து பாட்டிலை நம்பி பிறந்த குழந்தைக்கு குடுக்கறோமே, அந்த நம்பிக்கைக்குப் பின்னாடி இப்படி ஒரு பொறுப்பு இருக்கு. அது இல்லைன்னா தெரிஞ்சவங்ககிட்ட மட்டும்தான் வாங்கவோ விக்கவோ முடியும்.

சட்டம் தொழில் பண்றவனையும் காப்பாத்துது. பூட்ஸ் செஞ்சு வித்த சாலமன் கேஸ்ல 1897ல அதே பிரபுக்கள் சபை கம்பெனி வேற, அதை நடத்துறவர் வேறன்னு சொன்னதாலதான் லிமிடெட் கம்பெனி நொடிச்சா முதலாளியோட வீடு போகாம தப்பிக்குது. ஆனா லோன் வாங்கறப்ப பர்சனல் கேரண்டின்னு, அதாவது கம்பெனி கட்டலைன்னா நானே கட்டறேன்னு ஒரு பேப்பர் நீட்டுவாங்க, அதுல கையெழுத்து போட்டுட்டா அந்த கடனுக்கு இந்த பாதுகாப்பு கிடையாது, இது தெரியாம போட்டவங்க எத்தனை பேரோ.

பணம் எத்தனை நாள்ல தரணும், லேட்டானா வட்டி என்ன, சரக்கு சரியில்லைன்னா எத்தனை நாளுக்குள்ள சொல்லணும், தகராறு வந்தா எந்த ஊர் கோர்ட், ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் போகாம மத்தியஸ்தர் வெச்சு தீர்க்கறது) உண்டா இல்லையா, இதெல்லாம் அக்ரிமெண்ட்ல பொடி எழுத்துல கடைசி பக்கத்துல கிடக்கு. உங்க பத்திரிகையில வாரம் அக்ரிமெண்ட்ல வர்ற ஒரு ஷரத்தை எடுத்து, அசல் வாசகத்தை அப்படியே போட்டு, கீழ நம்ம பேச்சுத் தமிழ்ல விளக்கம் குடுங்க. முதல் வாரம் அந்த பர்சனல் கேரண்டியவே எடுத்துக்கோங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்