முடக்குவாத நோயாளரின் பாதங்களையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தாயார் முப்பத்திரண்டு வருடங்கள் கொழுந்து பறித்தவர். மூட்டுகளை வீங்கி நோகச் செய்யும் முடக்குவாதம் என்று கண்டறியப்பட்டு ஆறு வருடங்களாகின்றன. மாதந்தோறும் நான்தான் கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறேன். கைவிரல்களை அழுத்திப் பார்க்கிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்லி இன்றுவரை ஒருவரும் அவருடைய பாதத்தைப் பார்த்ததில்லை.

ஒரே காலையில் அத்தனை பேரையும் பார்த்து முடிக்க வேண்டிய வைத்தியர்களை நான் குறை கூறவில்லை. இந்நோயின் தீவிரத்தை அளக்கப் பல நாடுகளிலும் கையாளப்படும் 28 மூட்டுக் கணக்கிலேயே கைவிரல்கள், மணிக்கட்டுகள், முழங்கைகள், தோள்கள், முழங்கால்கள் மட்டுமே அடங்குகின்றன. கணுக்காலுக்கும் பாதத்துக்கும் அதில் இடமில்லை. இத்தனைக்கும் முடக்குவாதம் ஆரம்பத்திலேயே பற்றுகின்ற இடங்களில் கால்விரல்களின் அடிமூட்டுகளும் உண்டு. மலையேறி இறங்கும் தொழிலாளிக்கு இந்தப் பாத நோவு பெரும் சோதனை. கொழுந்துச் சுமையோடு சரிவில் இறங்கும்போது உடலின் பாரம் அந்த அடிமூட்டுகளிலும் விழுகிறது. காலையில் மூட்டுகள் இறுகி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிலத்தில் கால் ஊன்ற முடியாத நாட்களில், அம்மா காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் பிந்திச் சென்று, அரைநாள் சம்பளமான அரைப் பேரோடு திரும்பியிருக்கிறார்.

சென்ற வருடம் பாதத்தின் முன்பகுதியில் தோல் தடித்தது. கால் ஆணி என்று எண்ணி, பழைய பிளேடால் அவரே வெட்டிவிட்டார். நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குச் சிறு காயமும் ஆபத்து என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புண்ணில் கிருமி தொற்றியது. அது ஆறும்வரை, வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கும் அந்த மருந்தான மெத்தொட்ரெக்சேற்றை நிறுத்தி வைத்தார்கள். அதனால் அடங்கியிருந்த கைமூட்டுகளும் மறுபடி வீங்கின. தொடக்கத்திலேயே தடித்த தோலை முறையாகச் சீவி, செருப்புக்குள் மெத்தென்ற உள்ளணை ஒன்று வைத்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை.

பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டு வெளியான வழிகாட்டலின்படி, பாதத்தில் உபாதையுள்ள முடக்குவாத நோயாளர் எவருக்கும் பாதநல நிபுணரைக் காணும் வசதியும், தேவைப்படின் உள்ளணையும் தகுந்த காலணியும் கிடைக்க வேண்டும். நமக்குக் கொழும்புக்கு அருகே ராகமையில் வாதநோய்க்கும் புனர்வாழ்வுக்குமென ஒரு வைத்தியசாலை இருக்கிறது. ஆயினும் பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ அங்கு போய் வருபவர், நோகும் கால்களோடு பல மணி நேரம் பயணம் செய்து, அன்றைய சம்பளத்தையும் இழக்கிறார்.

ஆகவே, மலையகத்தின் பிரதான வைத்தியசாலைகளில் மாதத்தில் ஒரு நாளேனும், பயிற்சி பெற்ற தாதி ஒருவரைக் கொண்டு வாத நோயாளரின் பாதங்களைப் பரிசோதிக்கவும், காலணிகளைத் திருத்தித் தரவும் ஏற்பாடு செய்யுமாறு சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, கிளினிக்குக்குச் செல்லும் நம் தாய்மார், கேட்கப்படாவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் கால்களை வைத்தியரிடம் காட்டட்டும்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
பொகவந்தலாவை.